வாடா, வாரும், வாங்கோ

யாழ்ப்பாணத்தில் ஒருவரைக் கூப்பிடுமுன் வாய் ஒரு கணக்குப் போட்டுவிடும். "வா", "வாரும்", "வாங்கோ" என்று மூன்று படிகள் உண்டு. தமிழ்நாட்டின் பெரும்பாலான இடங்களில் பேச்சிலிருந்து மறைந்துவிட்ட, "வாரும்" என்பதற்குரிய "நீர்" இங்கே இன்னும் புழங்குகிறது. ஆசிரியர் வளர்ந்த மாணவனை "நீர்" என்பார். கணவன் "இஞ்சாரும்" என்று கூப்பிட, மனைவி "இஞ்சாருங்கோ" என்பாள். நெருக்கமும் வேண்டும், மரியாதையும் கெடக்கூடாது என்ற இடத்துக்கென்றே அமைந்த நடுப்படி இந்த "நீர்".

இந்தப் படிகள் வயதை மட்டும் பார்த்து அமைந்திருந்தால் பேச அதிகம் இல்லை. அவை சாதியையும் பார்த்தன. நிலவுடைமை வெள்ளாளர் வீட்டுச் சிறுவன், தன் தாத்தா வயதுள்ள, ஒடுக்கப்பட்ட சாதி முதியவர் ஒருவரைப் பெயர் சொல்லி "வாடா" என்று கூப்பிட முடிந்தது. அந்த முதியவரோ சிறுவனின் தகப்பனை "நயினார்" என்றோ "கமக்காறன்" என்றோதான் விளிக்க வேண்டியிருந்தது. மொழியியலாளர் சுவாமிநாதன் சுசீந்திரராசா 1970களில் சாதிக்கும் பேச்சுக்கும் உள்ள உறவை ஆராய்ந்து எழுதியபோது, ஊரில் எல்லோரும் அறிந்திருந்தும் யாரும் எழுதாத ஒன்றை எழுத்தில் வைத்தார்.

பேச்சில் இப்படிப் படி இருந்த ஊரில் செந்தமிழுக்கும் இடம் குறிக்கப்பட்டிருந்தது. அதில் முதன்மையானது கோயில். கந்தபுராணப் படிப்பு நடக்கும் நாட்களில் ஒருவர் பாடலை ராகமிழுத்து வாசிப்பார். மற்றவர் அதற்குப் பயன் சொல்வார். பயன் சொல்பவர் வீட்டில் பேசும் தமிழை அங்கே பேசமாட்டார். "வந்தார்", "அருளினார்" என்று முழுச் சொற்கள் வரும், வாக்கியம் நீளும். எழுத்துக் கூட்டத் தெரியாத கமக்காரரும் தூணோரம் இருந்து அதைக் கேட்டே புராணத்தையும் அதன் மொழியையும் மனத்தில் ஏற்றிக்கொண்டார். ஆனால் அந்த மண்டபத்துக்குள் கால்வைக்க அனுமதிக்கப்படாதவர்களுக்குச் சாமி மட்டும் மறுக்கப்படவில்லை. அந்தத் தமிழும் மறுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து மொழி வரலாற்றில் அதிகம் பேசப்படாத அநியாயம் இது.

அமெரிக்க மிஷன் 1816இல் வந்தபோது இந்த அடுக்கின் மேல் இன்னொரு தட்டு ஏறியது. 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினறியில் கணிதமும் வானவியலும் ஆங்கிலத்தில் நடந்தன. தமிழும் ஊன்றிக் கற்பிக்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவரான சி.வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர். பின்னாளில் 1887இல் கலித்தொகையை அச்சேற்றியவரும் அவரே. இருந்தும் 1855இல் செமினறி மூடப்பட்டது. ஆங்கிலம் படித்த இளைஞர்கள் ஊழியத்துக்கு வராமல் அரசாங்கக் கந்தோர்களைத் தேடிப் போகிறார்கள் என்பது மிஷன் மேலிடத்தின் மனக்குறை.

அதே மனக்குறையிலிருந்து முற்றிலும் வேறொரு பாதையை எடுத்தவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய அவர், முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். படித்து முடித்தவர்கள் அரச உத்தியோகத்துக்குப் போனார்கள். கிராமத்தில் பிரசவத்துக்கும் பேதிக்கும் ஆள் இல்லை. எனவே 1864இல் தமிழிலேயே மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். சொல்லாக்கத்துக்கு அவர் வைத்திருந்த ஒழுங்கு தெளிவானது. முதலில் தமிழில் சொல் தேடு, கிடைக்காவிட்டால் வடமொழியில் தேடு, அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுது. மாணவர்களும் அவரும் சேர்ந்து நூல்களைப் பெயர்த்தார்கள். 1867இல் "இரண வைத்தியம்" வந்தது. கிறேயின் உடற்கூற்று நூல் 1872இல் "மனுஷ அங்காதிபாதம்" ஆனது. இரசாயனத்துக்கு "கெமிஸ்தம்" 1875இல் வந்தது. பிணத்தை அறுத்துப் படிக்கும் வகுப்பில், நரம்பையும் நாளத்தையும் தமிழில் பெயரிட்டுக் காட்டிய காலம் ஒன்று இந்தக் குடாநாட்டில் இருந்தது. தமிழால் இது முடியுமா என்று பின்னர் பல தலைமுறைகள் விவாதித்த கேள்விக்கு மானிப்பாய் ஏற்கெனவே செயலால் பதில் சொல்லியிருந்தது. கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார். கொழும்பில் 1870இல் தொடங்கிய அரசாங்க மருத்துவப் பள்ளியும் உத்தியோகமும் ஆங்கிலத்தின் பக்கம் நின்றன. மானிப்பாய் வழி தேய்ந்தது.

சைவர் பக்கத்தில் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளி தொடங்கினார். சந்தியைப் பிரித்து, நிறுத்தக் குறி இட்டு, சிறுவனும் தடங்கலின்றி வாசிக்கத்தக்க உரைநடையில் பாலபாடங்களை எழுதினார். பயன் சொல்பவரின் வாயிலிருந்த தமிழைப் பள்ளிப் புத்தகத்துக்குக் கொண்டுவந்தது பெரிய காரியம். ஆனால் சாதி ஒழுங்கை அவர் கேள்வி கேட்கவில்லை. மொழியின் கதவைத் திறந்தவரே அந்தக் கதவடியில் நின்றவர்களைப் பார்க்காமல் விட்டார் என்பது வருத்தத்தோடு சொல்ல வேண்டியது.

இருபதாம் நூற்றாண்டுக்குள் பள்ளிக்கூடங்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டன. பட்டினத்து ஆங்கிலக் கல்லூரிகளில் காசு கட்டிப் படிப்பு, கற்பிப்பவர் "மாஸ்டர்". ஊர்த் தமிழ்ப் பள்ளியில் "வாத்தியார்". முன்னதில் படித்தவன் கொழும்புக்கும் மலாயாவுக்கும் போனான், பின்னதில் படித்தவன் தோட்டத்துக்கும் கடைக்கும். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்க வேண்டும் என்று சம ஆசன ஏற்பாடு வந்தபோது கடும் எதிர்ப்புக் கிளம்பியது, பள்ளிக்கூடங்கள் கொளுத்தப்பட்டன. 1945இல் இலவசக் கல்வியும், அதை அடுத்துத் தாய்மொழிக் கல்வியும் வந்த பின்னரே ஒடுக்கப்பட்ட வீடுகளின் பிள்ளைகள் பெருந்தொகையாக எழுதும் தமிழுக்குள் நுழைந்தார்கள்.

நுழைந்தவர்கள் தங்கள் வீட்டுப் பேச்சையும் கூடவே கொண்டுவந்தார்கள். மேடையில் அதற்கு வழி முன்பே திறந்திருந்தது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் வெளியிட்ட "நானாடகம்" தொகுப்பில் யாழ்ப்பாணத்தவர் யாழ்ப்பாணத்தவராகவே பேசினார்கள். "உடையார் மிடுக்கு" நாடகத்தின் உடையார் தம் அதிகாரத்தைக் காட்டுவது பேச்சில்தான். சிரிக்க வைக்கும் நாடகத்தில் ஊர்ப் பேச்சைப் பொறுத்துக்கொண்டவர்கள், அது சிறுகதைக்குள் வந்தபோது பொறுக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் முற்போக்கு எழுத்தாளர்களின் கதைகளைப் பண்டித மரபினர் "இழிசனர் வழக்கு" என்று தாக்கினார்கள். எழுத்தில் பேச்சுமொழி வரலாமா என்பது விவாதத்தின் மேற்பரப்பு. யாருடைய பேச்சு என்பதுதான் அடியில் கிடந்தது. அந்த முற்போக்கு எழுத்தாளர்களில் ஒருவரான டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் சலூன் நடத்தியவர். அவருடைய "தண்ணீரும் கண்ணீரும்" சிறுகதைத் தொகுப்பு சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. அதே சலூனிலிருந்து 1966இல் "மல்லிகை" இதழைத் தொடங்கினார். கே. டானியலின் "பஞ்சமர்" நாவல் 1972இல் வந்தபோது "நயினார்" என்ற விளி அச்சில் ஏறியது. இம்முறை அதைச் சொன்னவனின் குரலோடும் கோபத்தோடும் ஏறியது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த நுழைவுப் போராட்டத்தையும் இந்த எழுத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது.

அந்தப் பழைய விளிகள் இன்று பெரும்பாலும் கேட்பதில்லை. பள்ளியில் வேறொரு கலப்பு வந்திருக்கிறது. 1990களில் மொழியியலாளர் சுரேஷ் கனகராஜா யாழ்ப்பாணத்து ஆங்கில வகுப்புகளைக் கவனித்து எழுதினார். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், விளக்கம் சொல்லவும் அதட்டவும் பகிடி விடவும் ஆசிரியர் தமிழுக்கு மாறுவார். பலர் இதைக் குறையென்று நினைத்து மறைத்த காலத்தில், அவர் அதில் கற்பித்தலின் நுட்பத்தைக் கண்டார். அது சரியான பார்வை.

1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் கிறீனின் சிக்கல் மறுபடி நிற்கிறது. உயர்தரத்தில் உயிரியலைப் பெரும்பாலும் தமிழில் படித்த பிள்ளை, விரிவுரையை ஆங்கிலத்தில் கேட்கிறது. வார்டில் படுத்திருக்கும் ஆச்சியோ "நெஞ்சுக்குள்ளை ஏதோ அமத்துது தம்பி, தலையும் சுத்துது" என்கிறார். பாடநூல் தமிழ், விரிவுரை ஆங்கிலம், ஆச்சியின் தமிழ் ஆகிய மூன்றையும் அந்த மாணவன் தானாகவே இணைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மானிப்பாயில் கிறீன் பெயரில் மருத்துவமனை இன்றும் இருக்கிறது. அவரும் மாணவர்களும் உருவாக்கிய சொற்களை, இன்றைய நோயாளிகளின் பேச்சுச் சொற்களோடு சேர்த்து ஒரு கைநூலாக்கி, முதலாண்டு மாணவர் கையில் கொடுக்கும் வேலையை மருத்துவ பீடமே முன்னின்று தொடங்கலாம்.