பழைய நீராவி எஞ்சின்களின் மீட்டமைப்பு: உறுப்பும் இயக்கமும் கைத்திறனும்

ஆய்வுச் சுருக்கம்

பழைய இயந்திரம் ஒன்றை மீண்டும் இயங்கச் செய்யும்போது அதன் தேய்ந்த உறுப்புகள் அகற்றப்பட்டுப் புதியவை பொருத்தப்படுகின்றன. இதனால் இயக்கம் மீளும் அளவுக்கு மூலப்பொருள் குறைகிறது. இம்முரணை ராக்கெட், ஃபேரி குவீன், ஈ.ஐ.ஆர். 21, நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சின்கள் ஆகியவற்றின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. உறுப்பு, இயக்கம், கைத்திறன் என்னும் மூன்றனுள் கைத்திறனே ஏனைய இரண்டுக்கும் அடிப்படை என்பதும், அகற்றப்படும் உறுப்பை வரலாற்றுச் சான்றாகக் கொண்டு பதிவுசெய்ய வேண்டும் என்பதும் இதன் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: தொழில்துறை மரபு, மீட்டமைப்பு, பெரம்பூர், பொன்மலை, நீலகிரி மலை ரயில், பழங்கல்படி.

முன்னுரை

கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் வரலாற்றுச் சான்றுகளாக ஏற்கப்பட்டு நெடுங்காலமாயிற்று. இயந்திரத்தைச் சான்றாகக் கொள்ளும் பார்வையோ மிக அண்மையில் தோன்றியது. தொழில்துறை மரபுக்கான நிஸ்னி தாகில் சாசனம் 2003ஆம் ஆண்டில்தான் ஏற்கப்பட்டது. இயங்கும் மரபு ரயில்களுக்கான ரீகா சாசனம் 2005இல் வந்தது. இவற்றுக்கு முன்னோடியாக அமைந்தது நினைவுச்சின்னங்களுக்கான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். இழந்த பகுதிக்கு மாற்றாக வைக்கப்படுவது முழுமையோடு இயைந்திருக்க வேண்டும். ஆயினும் மூலத்திலிருந்து பிரித்தறியத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்பது அச்சாசனம் வகுத்த நெறி.

கட்டடத்துக்கு வகுத்த இந்நெறியை இயந்திரத்துக்கு அப்படியே பொருத்துவதில் ஓர் இடர்ப்பாடு உள்ளது. கட்டடம் நிற்பதற்காக அமைந்தது. இயந்திரம் இயங்குவதற்காக அமைந்தது. இயங்கும் பொருள் தேயும். தேய்ந்ததை மாற்றாவிடில் இயக்கம் நின்றுவிடும். ஆகவே இயந்திரத்தைப் பொறுத்தவரை உறுப்பு மாற்றம் என்பது அதன் வாழ்க்கையின் இயல்பான பகுதியேயாகும். அவ்வாறாயின் ‘பழைய இயந்திரம்’ என்று நாம் காக்க முனைவது எதனை என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

உறுப்பு ஆவணமாதல்: ராக்கெட்

ராபர்ட் ஸ்டீஃபன்சன் நிறுவனம் நியூகாசிலில் உருவாக்கிய ராக்கெட் எஞ்சின், 1829 அக்டோபரில் ரெயின்ஹில்லில் நடைபெற்ற போட்டியில் வென்றது. அது இன்றும் உள்ளது. எனினும் இன்று காணப்படும் வடிவம் போட்டியில் ஓடிய வடிவமன்று. செங்குத்துச் சாய்வில் இருந்த அதன் உருளைகள் சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழக் கிடைநிலைக்கு இறக்கப்பட்டன. முன்புறத்தில் புகைப்பெட்டி சேர்க்கப்பட்டது. 1836இல் அது வேறொரு ரயில்பாதைக்கு விற்கப்பட்டு, 1862இல் லண்டன் அருங்காட்சியகத்தை அடைந்தது.

அதனை 1829ஆம் ஆண்டுத் தோற்றத்துக்குக் கொண்டுவர வேண்டுமாயின் பிற்கால மாற்றங்கள் அனைத்தையும் நீக்கியாக வேண்டும். அவ்வாறு செய்யாமல், போட்டியில் ஓடிய வடிவத்தைக் காண விரும்புவோருக்கெனப் படியெஞ்சின்கள் தனியே செய்யப்பட்டன. 1979ஆம் ஆண்டின் 150ஆம் ஆண்டு விழாவுக்குச் செய்யப்பட்டது அவற்றுள் ஒன்று. மைக்கேல் பெய்லியும் ஜான் கிளிதெரோவும் மூல எஞ்சினை அகழாய்வாளரின் முறையில் பகுதி பகுதியாக ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். பயனற்ற துளை, ஒட்டுத்தகடு, தேய்மானத் தடம் ஆகியவற்றைக் கொண்டு எந்த மாற்றம் முன்னர், எந்த மாற்றம் பின்னர் என்று வரிசைப்படுத்துவதே அம்முறையின் சாரம்.

ஒரு திருகாணியும் இவ்வகையில் சான்றாகும். ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்மொழிந்த திருகுமரை 55 பாகைக் கோணமுடையது; இன்றைய மெட்ரிக் மரை 60 பாகைக் கோணமுடையது. விட்வொர்த் மரை உள்ள துளையைப் பெரிதாக்கி மெட்ரிக் மரை இட்டால் எஞ்சின் பழுதின்றி ஓடும். ஆனால் காலத்தைக் கணிக்க உதவும் ஒரு தடயம் மறைந்துபோகும். ராக்கெட் மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவரப்பட்டிருந்தால், அதன் மாற்றங்களை வரிசைப்படுத்த உதவிய தடயங்கள் பலவும் இவ்வாறே அழிந்திருக்கும். ஓடாமல் இருப்பதனாலேயே அது ஆவணமாக நிற்கிறது.

இயக்கம் மீளுதல்: பெரம்பூரின் இரு எஞ்சின்கள்

இதற்கு எதிரான தெரிவைப் பெரம்பூர் எஞ்சின் பணிமனை மேற்கொண்டது. மெட்ராஸ் ரயில்வேயின் பணிமனையாக 1856இல் தொடங்கியது பெரம்பூர். அதற்கு ஓராண்டு முன்னதாக, 1855இல், லீட்ஸ் நகரின் கிட்சன், தாம்சன், ஹெவிட்சன் நிறுவனம் கிழக்கிந்திய ரயில்வேக்காகச் செய்த எஞ்சின்களுள் இரண்டு 21, 22 என்னும் எண்களைப் பெற்றிருந்தன. பிற்காலத்தில் 22ஆம் எண் எஞ்சினே ஃபேரி குவீன் எனப் புகழ்பெற்றது. 1909இல் பணியிலிருந்து விலக்கப்பட்ட அது, நெடுங்காலம் காட்சிப்பொருளாக இருந்த பின்னர்ப் பெரம்பூரில் செப்பனிடப்பட்டு, 1997இல் டெல்லி–ஆல்வார் தடத்தில் பயணிகளை ஏற்றிச் சென்றது. 1998இல் உலகில் பணியிலுள்ள மிகப் பழைய நீராவி எஞ்சின் என்று கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது.

அதன் உடன்பிறப்பான 21ஆம் எண் எஞ்சின் ஜமால்பூர், ஹவுரா ஆகிய இடங்களில் ஒரு நூற்றாண்டுக் காலம் காட்சிக்கு நின்றது. பெரம்பூருக்கு வந்தபோது அதன் உள்ளுறுப்புகளுள் பெரும்பாலானவை இல்லை. அந்நிலையிலிருந்து மீட்கப்பட்டு, 2010 ஆகஸ்டு 15 அன்று சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடி வரை அது ஓடியது.

உறுப்பில்லாத எஞ்சினுக்கு உறுப்பைச் செய்வது எவ்வாறு? சட்டத்தில் எஞ்சியுள்ள துளைகளின் இடைவெளி, தண்டில் உராய்வு விட்ட தடம், இணை எஞ்சினின் அளவு ஆகியவற்றிலிருந்து காணாமற்போன உறுப்பின் வடிவம் ஊகிக்கப்படுகிறது. அவ்வூகம் முதலில் வரைபடமாகிறது. பின்னர் மர அச்சாகிறது. உலோகம் குளிரும்போது சுருங்குமாதலின் அச்சு அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்யப்படுகிறது. மணலில் அச்சுப் பதித்து வார்த்த பின்னர், கடைசல் எந்திரத்தில் துல்லிய அளவுக்குக் கொண்டுவரப்படுகிறது. தாங்கிகளில் வெள்ளுலோகம் ஊற்றப்பட்டு, தண்டுடன் ஒட்டிப் பார்த்துப் பார்த்துக் கையால் சுரண்டிப் பொருத்தப்படுகிறது. நூலறிவும் விரலறிவும் ஒருங்கே வேண்டப்படும் பணி இது.

இம்முரண் மிகக் கூர்மையாக வெளிப்படுவது கொதிகலனில்தான். உயரழுத்த நீராவியைத் தாங்கும் தகடு நீரின் உப்பாலும் துருவாலும் மெலிகிறது. உட்சுவரையும் வெளிச்சுவரையும் இணைக்கும் பிணைப்பாணிகள் முறிகின்றன. மெலிந்த தகடு வெடித்தால் உயிரிழப்பு நேரும். எனவே பழைய தகட்டின் வரலாற்று மதிப்பு எவ்வளவாயினும், நீரழுத்தச் சோதனையில் தேறாததை வைத்துக்கொண்டு எஞ்சினை ஓட்ட இயலாது. தறையாணி அறைந்த பழைய கொதிகலனின் இடத்துக்குப் பற்றவைத்த புதிய கொதிகலன் வரும்போது, எஞ்சினின் உடலில் பெரும்பகுதி ஒரே நாளில் மாறிவிடுகிறது.

ஃபேரி குவீனின் பிற்கால வரலாறு மற்றொரு படிப்பினையைத் தருகிறது. 2011இல் அதன் உறுப்புகள் பல திருடப்பட்டன. மீண்டும் செப்பனிடப்பட்டு 2017இல்தான் பயணிகளுடன் ஓடியது. வரலாற்றாளருக்குச் சான்றாகத் தோன்றும் பித்தளையும் செம்பும் திருடருக்கு எடைக்கு விலைபோகும் உலோகமே. பணிமனையின் கழிவுக்கிடங்கில் சேரும் பழைய உறுப்புக்கும் இதே கதி நேர்கிறது. உறுப்பின் மதிப்பை நிலைநாட்டுவது அதைப் பற்றிய பதிவேயன்றி வேறில்லை.

கைத்திறன் தொடர்தல்: நீலகிரியும் பொன்மலையும்

மூன்றாவது தெரிவை நீலகிரி மலை ரயிலில் காண்கிறோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான பாதை 1899இலும், உதகமண்டலம் வரையிலான நீட்டிப்பு 1908இலும் திறக்கப்பட்டன. மொத்த நீளம் 46 கிலோமீட்டர். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையில் பாதை 12 அடிக்கு 1 அடி என்னும் அளவு வரை ஏறுகிறது. வழுவழுப்பான தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும் ஏற்றம் இது. ஆகவே தண்டவாளங்களுக்கு நடுவே, ஒன்றன் பல் மற்றொன்றன் பல்லிடைக்கு நேராக அமையுமாறு இரு பற்சட்டங்கள் பதிக்கப்பட்டன. சுவிட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது.

இப்பாதைக்கென எக்ஸ் வகை எஞ்சின்களைச் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் தொழிற்சாலை 1914 முதல் 1925 வரையிலும், மறுபடியும் 1952இலும் செய்தளித்தது. இவ்வெஞ்சினுக்கு நான்கு உருளைகள் உண்டு. சமதளத்தில் இரண்டு மட்டும் இயங்கிச் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. பற்சட்டப் பகுதியில் அவ்விரண்டிலிருந்து வெளியேறும் நீராவி வீணாகாமல் மற்ற இரண்டுக்குச் சென்று பற்சக்கரங்களை இயக்குகிறது. ஏற்றத்தில் எஞ்சின் எப்போதும் பெட்டிகளுக்குக் கீழ்ப்புறம் நின்று தள்ளுகிறது.

இத்தகைய எஞ்சினில் பற்சக்கரம் ஒவ்வொரு பயணத்திலும் தேய்கிறது. வேறெங்கும் வாங்க இயலாத இவ்வுறுப்புகளைச் செய்துகொண்டே இருந்தால்தான் ரயில் ஓடும். இத்தேவையை நிறைவுசெய்தது திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனை. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928இல் பொன்மலைக்கு இடம்பெயர்ந்தது. எக்ஸ் வகை எஞ்சின்களைச் செப்பனிட்டு வந்த பொன்மலைத் தொழிலாளர், பின்னர் அவற்றுள் சிலவற்றை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றினர். அதன்பின் 2011க்கும் 2014க்கும் இடையில், எண்ணெயால் இயங்கும் நான்கு புதிய எக்ஸ் வகை எஞ்சின்களையே உருவாக்கினர். 2021இல் நிலக்கரியால் இயங்கும் புதிய எஞ்சின் ஒன்றும் வெளிவந்தது. உறுப்பு உறுப்பாகச் செய்து பழகிய கைகளால் முழுமையையும் செய்ய முடிந்தது.

இதன் அருமையை உணர இங்கிலாந்தின் டோர்னேடோ எஞ்சினோடு ஒப்பிடலாம். பெப்பர்கார்ன் ஏ1 வகையின் 49 எஞ்சின்களும் உடைக்கப்பட்டுவிட்டமையால், ஆர்வலர் 1990இல் ஓர் இயக்கம் தொடங்கி, 2008இல் புதிதாக ஒன்றைச் செய்துமுடித்தனர். நீராவி எஞ்சினின் பிறப்பிடமான அந்நாட்டுக்கு, அதன் கொதிகலனை ஜெர்மனியின் மைனிங்கன் பணிமனையிலிருந்து பெற வேண்டியதாயிற்று. அங்கே வரைபடங்கள் இருந்தன, பொருளும் இருந்தது; பெரிய கொதிகலனைச் செய்யும் பட்டறை மட்டும் இல்லாமற்போயிற்று.

நீலகிரி மலை ரயிலை யுனெஸ்கோ 2005இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அம்மரபுக்கு உரியவை பாதையும் பாலமும் எஞ்சினும் மட்டுமே எனக் கொள்வது போதாது. அவற்றை ஓடச் செய்யும் பொன்மலையின் வார்ப்புக்கூடமும் கடைசல் மேடையும் அங்குள்ள கைகளும் அம்மரபின் பகுதிகளே.

பழங்கல்படி என்னும் நெறி

கைத்திறன் தொடர்கிறது என்பதனால் பழைய உறுப்பை மறந்துவிடலாம் என்பது பொருளன்று. இவ்விடத்தில் தமிழகத்தின் பழைய வழக்கம் ஒன்று வழிகாட்டுகிறது. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகள் புதிய கட்டுமானத்தில் படியெடுத்துப் பொறிக்கப்பட்டன. அவை பழங்கல்லின் படி என்னும் குறிப்பும் உடன் பொறிக்கப்பட்டது. கோயில் புதுப்பிக்கப்பட்டது, வழிபாடு தொடர்ந்தது, பழைய கல் அகன்றது. ஆயினும் எது மூலம், எது படி என்பது இன்றும் ஐயமின்றித் தெரிகிறது. வெனிஸ் சாசனம் கூறிய பிரித்தறிதலை இக்குறிப்பு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிறைவேற்றிவிட்டது.

இயந்திரத்துக்கும் இதுவே பொருந்தும். புதிய உறுப்பின் கண்ணுக்குப் புலப்படாத பக்கத்தில் செய்த ஆண்டும் பணிமனையின் பெயரும் பொறிக்கப்படின், எந்த உறுப்பு மூலம், எது படி என்னும் குழப்பம் எழாது. அகற்றிய உறுப்பின் அளவு, உலோகம், தேய்மானம் ஆகியன பதிவுசெய்யப்பட்டு, அரியவை எண்ணிட்டுக் காக்கப்படின், இயங்கும் எஞ்சினுக்கு அருகிலேயே அதன் ஆவணமும் இருக்கும். ராக்கெட்டைப் போல ஓடாமல் நிற்றல், பெரம்பூர் எஞ்சின்களைப் போல உறுப்பிழந்து ஓடுதல் என்னும் இரண்டில் ஒன்றையே தெரிய வேண்டும் என்னும் நெருக்கடியும் தளரும்.

முடிவுரை

உறுப்பு, இயக்கம், கைத்திறன் ஆகிய மூன்றையும் ஒரே இயந்திரத்தில் முழுமையாகக் காத்தல் இயலாது. உலகில் ஒன்றே எஞ்சியுள்ள எஞ்சினுக்கு உறுப்பே முதன்மையானது. அதனை ஓட்டாமல் காத்து, இயக்கத்தைப் படியெஞ்சினில் காட்டுவதே தக்கது. தொடர்ந்து பணியில் இருந்துவரும் எஞ்சினுக்கு இயக்கமே முதன்மையானது. அதன் உறுப்பு மாற்றங்கள் பழங்கல்படி நெறியில் பதிவுபெற வேண்டும். இவ்விரண்டுக்கும் அடிப்படை கைத்திறனேயாகும். வரைபடத்தை நூற்றாண்டு கழித்தும் திறந்து பார்க்கலாம். வெள்ளுலோகம் ஊற்றும் வேளையை நிறம் பார்த்து அறியும் கண், பயிற்றுவிக்கப்படாவிடில் ஒரு தலைமுறையிலேயே மறைந்துபோகும்.

தமிழாய்வாளருக்கு இதில் மூன்று பணிகள் உள்ளன. பெரம்பூர், பொன்மலைப் பணிமனைகளின் ஓய்வுபெற்ற தொழிலாளரிடமிருந்து வாய்மொழி வரலாற்றைத் தொகுத்தல் முதற்பணி. பட்டறைகளில் வழங்கும் தொழிற்சொற்களை, ஆங்கிலச் சொற்கள் தமிழர் நாவில் திரிந்த வடிவங்களையும் சேர்த்து அகராதியாக்குதல் இரண்டாம் பணி. மர அச்சுகள், வரைபடங்கள், பணிப்பதிவேடுகள் ஆகியவை கழிவாக விலைபோவதற்கு முன்னர் அட்டவணைப்படுத்துதல் மூன்றாம் பணி. இம்மூன்றனுள் முதற்பணி காலத்தாழ்வைப் பொறுக்காது. நீராவிக் காலத்தில் பணியாற்றியவர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்துவருகிறது.