எண்ணெய்ப் பஞ்சத்தில் பரவிய விறகுத் திருகாணி

மரத்தைப் பிளப்பதற்கு மனிதன் கண்ட கருவிகளுள் மிகப் பழையது ஆப்பு. கோடாலியும் ஒருவகையில் பிடி பொருத்திய ஆப்பே. 'ஆப்பசைத்த குரங்கு' என்ற பழமொழி எமது பேச்சில் இன்றும் நிலைத்திருக்கிறது. அந்தப் பழைய ஆப்பு 1970களில் அமெரிக்காவில் ஒரு புதிய வடிவம் எடுத்துப் பரவிய வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அந்த வடிவம் எளிமையானது. கூரிய இரும்புக் கூம்பொன்றின் மேல் திருகாணிக்கு வெட்டுவது போலப் புரி வெட்டி, அதனை உழவு இயந்திரத்தின் பின்புறத்தில் சுழலும் தண்டில் பூட்டினார்கள். உழவு இயந்திரம் இல்லாதவர்கள் காரிற் பூட்டினார்கள். பின்சக்கரங்களுள் ஒன்றைக் கழற்றி, அப்பக்கத்தை ஜக்கினால் உயர்த்தி, சக்கரத்தின் இடத்தில் கூம்பைப் பொருத்துவார்கள். மறுசக்கரம் நிலத்தில் அசையாதிருக்க, சுழற்சி முழுவதும் கூம்புக்கே செல்லும். 'ஸ்டிக்லர்' என்ற பெயரில் விற்பனையான கூம்பு இவற்றுள் பெயர் பெற்றது.

இதற்கு அப்போது தேவை ஏற்பட்டதன் காரணத்தை வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். 1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடையை அறிவித்தன. பீப்பாய் ஒன்று ஏறக்குறைய 3 டொலராக இருந்த மசகு எண்ணெயின் விலை சில மாதங்களில் 12 டொலரை நெருங்கியது. குளிர்காலத்தில் எண்ணெயால் வீட்டைச் சூடாக்கிய மக்கள் பாட்டன் காலத்து விறகடுப்பைத் தேடினார்கள். வெர்மொண்ட் மாநிலத்தில் வார்ப்பிரும்பு அடுப்புகளுக்கென்றே 1975 இல் 'வெர்மொண்ட் காஸ்ரிங்ஸ்' நிறுவனம் உருவானது. 1977 பெப்ரவரியில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கம்பளி மேலாடையுடன் தொலைக்காட்சியில் தோன்றி, பகலில் 65 பாகையும் இரவில் 55 பாகையும் (பரனைற்) வெப்பம் போதும் என்று நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். எண்ணெய் நெருக்கடியின் வரலாற்றை அமைச்சர்களின் மாநாடுகளைக் கொண்டே எழுதுவது எமது தொழிலின் வழக்கம். கொல்லைப்புறத்தில் ஜக்கில் நின்ற அந்தக் கார்களும் அதே வரலாற்றின் சான்றுகள் என்பது எனது எண்ணம்.

எண்ணெயைச் சேமிக்க விறகுக்குத் திரும்பியவர்கள், அந்த விறகைப் பிளக்க மீண்டும் எண்ணெயையே எரித்தார்கள் என்பது இதில் ஒரு வேடிக்கை. அவர்கள் அவ்வாறு செய்ய முடிந்தது, எண்ணெயின் விலை ஏறியதே தவிர எண்ணெய் அடியோடு இல்லாமற் போகவில்லை என்பதால்தான். 1990 இன் பின் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த வேறுபாடு நன்கு விளங்கும். பெற்றோலும் டீசலும் தடைப் பட்டியலில் இருந்த அக்காலத்தில் உழவு இயந்திரங்களே முடங்கிக் கிடந்தன. எமது விறகுகாலைகளில் அப்போது வேலை செய்தவை கோடாலியும் மனிதத் தோளுமே.

அமெரிக்கக் கதைக்குத் திரும்புவோம். உழவு இயந்திரத்தின் வலுவை வேறு கருவிக்கு வழங்கும் பின்தண்டு, எமது கமக்காரர் 'பி.ரி.ஓ.' என்று அழைப்பது, அப்போது புதிதல்ல. பிரான்சில் அல்பேர் கூஜிஸ் என்பவர் 1906 இல் இதனைச் செய்து காட்டியிருந்தார். இன்ரர்நஷனல் ஹார்வெஸ்ரர் நிறுவனம் 1918 இல் தனது 8-16 உழவு இயந்திரத்துடன் இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னர் நிமிடத்துக்கு 540 சுற்று என்பது பொது நியமமாயிற்று. கதிரறுக்கவும் வைக்கோல் கட்டவும் உருவான ஏற்பாடு அது.

திருகாணி வேலை செய்யும் முறையைக் கவனிக்க வேண்டும். கோடாலி மரக்குற்றியின் தலையில் விழும். திருகாணி குற்றியின் விலாவில் நுழையும். கூர்முனை பட்டையைப் பற்றியதும் புரி மரத்தைத் தன்பால் இழுக்கிறது. மனிதன் தள்ள வேண்டியதில்லை. கூம்பு பருக்கப் பருக்க நார்கள் விலகி, மரம் நீளவாக்கில் பிளக்கிறது. நேரான நார் கொண்ட ஓக் மரம் எளிதில் விட்டுக்கொடுக்கும். நார்கள் பின்னிய எல்ம் மரம் அவ்வளவு இலகுவில் பிளக்காது.

இந்த இழுவையே இயந்திரத்தின் சிறப்பு, ஆபத்தும் அதுவே. குற்றி நிலத்திலோ தாங்கு சட்டத்திலோ ஊன்றியிருந்தால்தான் அது சுழலாமல் நிற்கும். ஊன்றாத குட்டையான குற்றியைக் கூம்பு தன்னுடன் சேர்த்துச் சுழற்றி, நிற்பவரின் காலில் அடிக்கும். கணுவுள்ள மரத்தில் கூம்பு இறுகிவிட்டால், காரில் பின்னோக்கிய கியரைப் போட்டுக் கழற்றலாம். பெரும்பாலான உழவு இயந்திரங்களின் பின்தண்டோ ஒரு திசையில் மட்டுமே சுழலும். 540 சுற்று என்பது செக்கனுக்கு 9 சுற்று. ஏறக்குறைய 35 மில்லிமீற்றர் விட்டமுள்ள அத்தண்டில் சிக்கும் சட்டைக்கை, ஒரு செக்கனில் சுமார் ஒரு மீற்றர் நீளத்துக்குச் சுற்றப்பட்டுவிடும். பழைய உழவு இயந்திரங்களில் அதனை நிறுத்தும் நெம்பு சாரதியின் ஆசனத்தருகே இருக்கும். விறகு பிளப்பவர் பின்னால் தனியே நிற்பார்.

இத்தகைய விபத்துகளைப் பத்திரிகைகள் 'கவனயீனம்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவதுண்டு. ஆசனத்துக்கும் கூம்புக்கும் இடையிலிருந்த அந்தச் சில அடித் தூரத்தைக் கவனயீனம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அது வடிவமைப்பின் குறை. வாங்கியவர்கள் பலர் தனியே உழைத்த சிறு விவசாயிகள். பிடித்து நிறுத்த இரண்டாவது ஆள் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ரோலிக் பிளப்பான்கள் மெல்ல அந்த இடத்தைப் பிடித்தன. அவற்றில் ஆப்பு மெதுவாக நகரும். பிடியை விட்டால் நின்றுவிடும் அமைப்பும் அவற்றில் எளிது. மரம் பிளக்கும் இயந்திரங்களுக்கான ஐரோப்பியப் பாதுகாப்பு நியமம் 1999 இல் வந்தபோது, ஆப்பு வகைக்கு ஒரு பகுதியும் திருகாணி வகைக்கு வேறொரு பகுதியுமாகப் பிரித்தே எழுதப்பட்டது. அமெரிக்காவில் அதற்கு முன்னரே விறகின் மவுசு குறைந்திருந்தது. 1980களின் நடுப்பகுதியில் எண்ணெய் விலை சரிந்தது. 1988 இல் புதிய விறகடுப்புகளின் புகைக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது.

ஆயினும் கூம்பு மறையவில்லை. மின்துளைப்பானில் பொருத்தும் சிறு கூம்புகள் இன்று இணையத்தில் விற்பனையாகின்றன. கையைத் திருகிவிடும் அபாயம் அவற்றிலும் உண்டு. மண் தோண்டும் பெரிய இயந்திரங்களின் கரத்தில் பூட்டும் கூம்புகளும் ஐரோப்பாவில் வேலை செய்கின்றன. அவற்றை இயக்குபவர் மரத்திலிருந்து சில மீற்றர் தள்ளி, கூண்டுக்குள் அமர்ந்திருக்கிறார். நிறுத்தும் பிடி அவர் கையிலேயே இருக்கிறது.