திண்ணையில் நாற்பது ஆண்டுகள்

மணாலிக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் எனக்கு ஒரு ஜோடி கம்பளிக் காலுறை வாங்கிவந்தார். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கணுக்காலைச் சுற்றிக் கோலம் போட்டாற்போல் பின்னியிருந்தது. சென்னை வெயிலில் அதை என்றைக்குப் போட்டுக்கொள்வது? அலமாரியில் வைத்துவிட்டேன். ஆனால் அது எந்த ஊர்ப் பின்னல் என்று விசாரிக்கப் போனதில், நூறு வருஷங்களுக்கு முந்திய ஒரு தம்பதியின் கதை அகப்பட்டது. வாசகர்களுடன் அதைப் பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

இமயத்தில் ரோதாங் கணவாய்க்கு அப்பால் லாஹுல் என்ற பிரதேசம் இருக்கிறது. அதன் தலைமையூர் கேலாங். ஏறக்குறைய 10,000 அடி உயரத்தில், பாகா நதிக்கு மேலே ஒரு மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றூர். தெற்கே உள்ள மலைகள் மழை மேகங்களைத் தடுத்து விடுவதால், பனி உருகும் நீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்துதான் வாற்கோதுமை பயிரிட வேண்டும். ரோதாங் கணவாய் 13,000 அடி உயரம். அது பனியில் மூடிக்கொண்டால் அந்தக் காலத்தில் ஐந்தாறு மாதங்களுக்கு உலகத்தோடு உறவே கிடையாது.

அப்படிப்பட்ட ஊரில் வில்ஹெல்ம் ஹைடே என்ற ஜெர்மானியரும் அவர் மனைவி மரியாவும் ஏறக்குறைய நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தினார்கள்.

இருவரும் மொரேவியன் சபையைச் சேர்ந்த மிஷனரிகள். இந்தச் சபை நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. 1760ல் இவர்களுடைய முன்னோடிகள் தரங்கம்பாடிக்கு வந்து, ஊருக்கு வெளியே தோட்டம் போட்டுக் குடியிருந்தார்கள். கையால் உழைத்துப் பிழைத்துக்கொண்டே போதனை செய்வது அவர்கள் வழக்கம். காய்ச்சலும் மரணமும் துரத்த, நாற்பது வருஷத்துக்குப் பின் அந்த முயற்சியைக் கைவிட்டுப் போனார்கள்.

உண்மையில் ஹைடே கேலாங்குக்கு என்று புறப்பட்டவரே அல்ல. 1853ல் அவரையும் பாகெல் என்ற தோழரையும் சபை மங்கோலியாவுக்கு அனுப்பிற்று. ருஷ்ய அரசாங்கம் தன் நாட்டின் வழியே போக இடம் கொடுக்கவில்லை. சரி, இந்தியா வழியாகப் போகலாம் என்று வந்தார்கள். லடாக் வரையில் போய்ப் பார்த்தார்கள். திபெத்தின் கதவும் சாத்தியிருந்தது. கதவு திறக்கும் வரையில் எங்கேயாவது இருக்க வேண்டுமே! 1856ல் கேலாங்கில் வீடு கட்டத் தொடங்கினார்கள். உள்ளே வரச் சொல்லாத வீட்டின் திண்ணையில் மூட்டையை இறக்கியது போலத்தான். அந்தத் திண்ணையிலேயே ஓர் ஆயுள் கழிந்தது.

மரியாவின் கதை இன்னும் விசித்திரமானது. அவள் பிறந்தது 1837ல், தென் அமெரிக்காவில் உள்ள சூரினாமில். பெற்றோரும் மிஷனரிகளே. மிஷனரிகளின் குழந்தைகளை ஆறு ஏழு வயதில் ஜெர்மனிக்கு அனுப்பிச் சபையின் விடுதிப் பள்ளியில் சேர்ப்பது வழக்கம். மரியாவையும் அப்படியே கப்பலேற்றினார்கள். தகப்பனார் சூரினாமிலேயே காலமானார். அதற்குப் பிறகும் தாயார் ஊர் திரும்பவில்லை. ஊழியமே பெரிதென்று இருந்து, அங்கேயே கண்ணை மூடினாள். அந்தப் பெண்ணுக்கு 22 வயதானபோது, இமயமலையில் இருக்கும் ஒருவருக்கு வாழ்க்கைப்பட முடியுமா என்று கேள்வி வந்தது. ஆளைப் பார்த்ததில்லை. சம்மதித்தாள். 1859ல் அவளும், அவளைப்போலவே மணப்பெண்களாக வந்த வேறு இருவரும் சேர்ந்து மலையேறினார்கள். முகம் பாராமல் கல்யாணம் செய்துகொள்வது நம் பாட்டிமார்களுக்குப் புதிதல்ல. ஆனால் அவர்களுக்குப் பிறந்த வீடு நாலு ஊர் தள்ளி இருந்தது.

அவர்களுடைய அன்றாட வாழ்க்கையில் பிரசங்கத்துக்குக் கிடைத்த நேரம் சொற்பம். வீட்டைச் சுற்றித் தோட்டம் போட்டார்கள். உருளைக்கிழங்கை அந்தப் பள்ளத்தாக்கில் முதலில் பயிரிட்டவர்கள் இவர்களே என்று சொல்லுகிறார்கள். நோயாளிக்கு மருந்து கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். கல்லச்சு யந்திரம் ஒன்றை மலைமேல் கொண்டுவந்து, திபெத்திய எழுத்தில் சிறு புத்தகங்கள் அச்சடித்தார்கள். கணவாய் திறந்திருக்கும் மாதங்களில் குளிர்காலத்துக்கு வேண்டியதையெல்லாம் சேர்த்தாக வேண்டும். ஒன்று மறந்தாலும் அடுத்த வருஷம்தான்!

குளிர்காலம் வந்தால் மரியா அம்மாளின் ராஜ்யம். வயல் வேலை இல்லாமல் வீட்டுக்குள் அடைந்துகிடக்கும் லாஹுல் பெண்களைக் கூட்டி, கம்பளி பின்னக் கற்றுக்கொடுத்தாள். அவர்களுக்கு நூற்கத் தெரியும், நெய்யத் தெரியும். ஊசியால் காலுறை பின்னுவது புதிது. பின்னலுக்குக் கூலியும் கொடுத்தார்கள். பெண்கள் கூலிக்காகவும் கணப்புக்காகவும் வந்திருப்பார்கள். பின்னிக்கொண்டே வேதக் கதையையும் கேட்டார்கள். கதை முடிந்ததும் வீட்டுக்குப் போய்த் தங்கள் தெய்வங்களுக்கு விளக்கேற்றினார்கள்.

ஏன் மதம் மாறவில்லை? போதகரிடம் விரோதம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மலையில் தனி மனிதன் என்று ஒருவன் கிடையாது. நிலம் குடும்பத்துக்குச் சொந்தம். வாய்க்கால் தண்ணீர் ஊருக்குச் சொந்தம். சாவு விழுந்தால் லாமா வந்தாக வேண்டும். இதிலிருந்து ஒருவன் விலகினால் அவனுக்குத் தண்ணீரும் இல்லை, தோள் கொடுக்க ஆளும் இல்லை. ஹைடே ஐரோப்பாவை விட்டுப் புறப்பட்டுப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 1865ல்தான் முதல் ஞானஸ்நானம் நடந்தது. பெற்றுக்கொண்ட தகப்பனும் மகனும்கூட லடாக்கிலிருந்து வந்து தங்கியவர்கள். அதற்குப் பிறகும் சபையில் சேர்ந்தவர்கள் மிகச் சிலரே; அவர்களிலும் பெரும்பாலோர் லடாக்கியர்.

கூட வந்தவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். திபெத்திய மொழியில் மகாபண்டிதரான யேஷ்கே உடல் நலிந்து 1868ல் ஊர் திரும்பி, அங்கே தம்முடைய புகழ்பெற்ற அகராதியை முடித்தார். பாகெல் தம்பதி பூ என்ற வேறொரு மலைக்கிராமத்துக்குப் போனார்கள். 1883 ஜனவரியில் சில நாள் இடைவெளியில் இருவரும் இறந்தார்கள். கேலாங்கில் ஹைடே தம்பதி மூத்தவர்களாக மிஞ்சினார்கள்.

மரியா அம்மாள் நாட்குறிப்பு எழுதிவந்தாள். அதனால்தான் இந்தக் குடித்தனத்தின் சேதிகள் நமக்குக் கிடைக்கின்றன. அவள் பெற்ற குழந்தைகளில் சில கேலாங் மண்ணிலேயே அடங்கின. தங்கிய குழந்தைகளை, அவளை அனுப்பிய அதே வயதில், அதே விதமாக, அவளும் ஜெர்மனிக்கு அனுப்பிவைத்தாள்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கதை நின்றுவிட்டது. தாயைப் பிரிந்த குழந்தையின் வேதனை இன்னதென்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? தெரிந்தும் எப்படி அனுப்பினாள்? கல்நெஞ்சு என்று சொல்லிவிடலாம். ஆனால் கேலாங்கில் அவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? அங்கே அவர்களுக்கேற்ற பள்ளி இல்லை, போதிய வைத்தியம் இல்லை. கண் முன்னால் சின்னஞ்சிறு கல்லறைகள் இருந்தன. தன் தாய் செய்தது தப்பென்று ஒப்புக்கொண்டால், தான் அந்த மலையில் இருப்பதே தப்பாகிவிடும் என்றும் பயந்திருக்கலாம். கணவாயில் பனி விழுந்தால் பிள்ளையின் கடிதமும் அந்தப் பக்கமே நின்றுவிடும். அந்த மாதங்களில் ஊர்ப் பெண்களை நடுவில் உட்காரவைத்து அவள் பின்னிக்கொண்டிருந்தாள்.

1898ல் இருவரும் கேலாங்கை விட்டு இறங்கினார்கள். ஹைடே டார்ஜிலிங் பக்கம் தங்கி, சரத் சந்திர தாஸின் திபெத்திய அகராதியைத் திருத்தும் வேலையில் பங்கெடுத்தார். அது 1902ல் வெளிவந்தது. 1853ல் ஐரோப்பாவை விட்டவர் 1903ல்தான் திரும்பிப் போனார். 1907ல் அவரும் 1917ல் மரியா அம்மாளும் காலமானார்கள். 1921ல் மகன் கெர்ஹார்ட் அவர்களுடைய வாழ்க்கையை எழுதினார். நூலுக்குப் பெயர், ‘திபெத்தியரிடையே ஐம்பது ஆண்டுகள்’. தாய் தந்தையைக் கடிதங்களில் அறிந்த ஒரு பிள்ளை, அவர்களைத் தேடிப் போன யாத்திரை அது என்றே நினைக்கிறேன்.

கேலாங் மிஷனை 1940ல் மூடிவிட்டார்கள். லாஹுலின் விதை உருளைக்கிழங்குக்கு இன்று நல்ல பெயர். லாஹுல் காலுறைக்கும் கையுறைக்கும் 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டு, ரோதாங்கின் அடியில் 9 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை திறந்ததால், குளிர்காலத்திலும் இப்போது கடிதம் நிற்பதில்லை.

அவர்கள் கொண்டுபோனதை ஊர் வாங்கிக்கொள்ளவில்லை. குளிருக்காகக் கற்றுக்கொடுத்ததை மட்டும் வாங்கிக்கொண்டு, தன் நிறத்தையும் கோலத்தையும் அதில் போட்டுத் தனதாக்கிக்கொண்டது. இது தோல்வியா, வெற்றியா? அந்தக் குழந்தைகளைக் கேட்காமல் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நேற்று அலமாரியைத் திறந்து அந்தக் காலுறையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். குதிகால் வளையும் இடத்தில் பின்னல் அத்தனை நெருக்கமாக, ஓர் இழைகூடப் பிசகாமல் இருந்தது.