இலையாகப் பொரிந்து மணலுக்கு வரும் சிங்கி

சென்னைக் கடலில் இழுவை மடியில் ஏறும் மணல் சிங்கியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நண்டுக்கு உள்ள கொடுக்கு இதற்குக் கிடையாது. கல் இறாலின் நீண்ட மீசையும் இல்லை. மீசை இருக்க வேண்டிய இடத்தில் விளிம்பெல்லாம் பல் வைத்த அகலத் தகடுகள். கண்கள் ஓட்டின் முன்பக்க மூலைக்கு ஒன்றாக ஒதுங்கியிருக்கும். பகலில் மணலுக்குள் புதைந்து, அந்தக் கண்களை மட்டும் வெளியே விட்டிருக்கும். இரவில் கிளம்பிச் சிப்பி தேடும்.

தரையில் வாழும் இந்தச் சிங்கியின் குஞ்சுப் பருவம் நடுநீரில் கழிகிறது. தாய் முட்டைகளை வயிற்றடியில் ஒட்டி ஒரு மாதம்போலச் சுமக்கிறாள். முதலில் ஆரஞ்சாக இருக்கும் கொத்து, உள்ளே குஞ்சுகளுக்குக் கண் வைக்க வைக்கப் பழுப்பாகிறது. பொரிந்து வருவதைப் பார்த்தால் சிங்கியின் பிள்ளை என்று யாரும் சொல்லமாட்டார்கள். சில மில்லிமீட்டரே உள்ள, ஒளி ஊடுருவும் தட்டை இலை. அதிலிருந்து நூல் நூலாகக் கால்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் லீச் என்ற ஆங்கில விலங்கியலாளர் இதைத் தனிப் பிராணியாகவே எண்ணி ‘பில்லோசோமா’ என்று பெயரிட்டார். இது ஜெல்லிமீனின் மேல் தொற்றிக்கொண்டு போகும். ஏறிய ஜெல்லிமீனையே தின்னவும் செய்யும்.

நான்கு பருவம் கடந்ததும் சட்டை உரித்து உருவம் மாறுகிறது. இப்போது சிங்கியின் வடிவம் வந்துவிட்டது, நிறம்தான் வரவில்லை. இந்தப் பருவத்தில் இரையே எடுக்காது. மணலில் இறங்கி, இன்னொரு முறை சட்டை உரித்த பிறகுதான் குட்டிச் சிங்கி. கல் இறாலின் குஞ்சுக்குப் பல மாதம் பிடிக்கிற இந்தப் பயணம் மணல் சிங்கிக்கு ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடிகிறது. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இதை முழுவதுமாகத் தொட்டியிலேயே வளர்த்துக் காட்டினார்கள். பெரிய சாதனை அது.

ஆனால் கடலுக்குத் தேவை முட்டை சுமக்கும் தாய்கள். மும்பைக் கடலில் இழுவை மடிகள் அவர்களையும் சேர்த்து வாரின; 1990களின் நடுவில் அங்கே மணல் சிங்கி மீன்பிடியே அற்றுப்போனது. ஏற்றுமதிக்குக் குறைந்தது 150 கிராம் என்று 2003இல் வரம்பு வைத்தது குட்டிகளுக்கு ஒரு காப்பு. முட்டைத் தாய் அந்த எடையைத் தாண்டியவளாக இருந்தால் அது அவளைக் காக்காது. மடியில் உயிரோடு வந்தால் அவளை அங்கேயே கடலில் விட்டுவிட வேண்டும்.