எழுபது வயது வரை

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து ஊர்ச்சபை விதிகளை இன்றும் பார்க்கலாம். 919இல் வாரிய உறுப்பினருக்கு வயது 30 முதல் 60. இரண்டே ஆண்டில், 921இல், அது 35 முதல் 70 என்று மாறியது. முதுமைக்கு ஒரு வரம்பைக் கல்லிலேயே வெட்டிவைத்த ஊர் இது.

குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் நாளில், 30 குடும்புகளின் (ஊர்ப் பிரிவுகளின்) பெயர் எழுதிய ஓலைகளும் குடத்துக்குள் போகும். விவரமறியாச் சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை, ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் மத்தியஸ்தன் வாங்கிப் படிப்பான். அன்று ஊரிலிருக்கும் கோயில் பூசகர்களான நம்பிமார் ஒருவர் விடாமல் மண்டபத்தில் உட்கார்ந்தாக வேண்டும்.

வெள்ளைக்காரர் காலத்தில் பொதுக்கடமை நீதிமன்றப் படியேறியது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 21 முதல் 60 வயது ஆண்களை ஜூரியாகவும், விசாரணையில் நீதிபதிக்குக் கருத்துச் சொல்லும் அசெசராகவும் அழைத்தது. இங்கே பூசை செய்பவருக்கு விலக்கு! தொழில் நடத்தும் மருத்துவருக்கும் விலக்கு.

நோயாளி? தகுந்த காரணம் சொன்னால் செஷன்ஸ் நீதிமன்றம் விடுவிக்கலாம். காரணமின்றி வராவிட்டால் 100 ரூபாய் வரை அபராதம். தறிக்குழியில் கால்விட்டே மூட்டு தேய்ந்த ஒரு நெசவாளிக்கு அழைப்பு வந்திருந்தால், அவருடைய வலியை நீதிபதி நம்பினால்தான் உண்டு. உடல் இயலாமையை நீதிபதி ஒருவரின் மனத்தைப் பொறுத்ததாக விட்டது பெருங்குறை.

1955இல் அசெசர் முறை ஒழிந்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஜூரிக்கும் இடமில்லை.