பாகூருக்குப் பக்கத்தில் முடிந்துபோன ஒரு துப்பாக்கிக் கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியது.)

இன்னைக்கு ஒரு கேட்ஜெட்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

அமெரிக்காவுல ஒரு மலைச்சரிவு. ஒரு வேட்டைக்காரர் படுத்திருக்கார். எதிர்ச்சரிவுல ஒரு மான். அவர் கையில பைனாகுலர் மாதிரி ஒரு லேசர் ரேஞ்ச்ஃபைண்டர், தமிழ்ல தூரமானின்னு வச்சுக்கலாம். பட்டனை அழுத்துறார், தூரம் தெரியுது. விஷயம் அதோட முடியலை. அந்தத் தூரத்துக்கான கணக்கு ப்ளூடூத் வழியா துப்பாக்கி மேல இருக்கிற ஸ்கோப்புக்குப் போகுது. ஸ்கோப்புக்குள்ள, எங்க வச்சு சுடணும்னு ஒரு சின்னப் புள்ளி எரியுது. 2018-ல் சிக் சாவர் கம்பெனி பிடிஎக்ஸ்ங்கிற பேர்ல இந்த ஜோடியை அறிமுகப்படுத்துச்சு.

இதுக்கும் நம்ம பாகூருக்கும் என்ன சம்பந்தம்?

அந்தப் புள்ளி எங்க எரியணும்னு முடிவு பண்ற கணக்குக்கு அஸ்திவாரம் போட்டவர் பெஞ்சமின் ராபின்ஸ். லண்டன்ல கணக்கு சொல்லிக்கொடுத்துட்டு இருந்த மனுஷர். 1751-ல் அவர் இறந்தது கடலூர் தேவனாம்பட்டினத்துல. பாகூர்ல இருந்து நேர்கோட்டுல பத்து கிலோமீட்டருக்குள்ள, பெண்ணையாத்துக்கு அந்தப் பக்கம்.

லேசர் பாதி வேலைதான் பண்ணுது

முதல்ல அந்தப் பெட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்த்துடலாம். லேசர் ஒரு துடிப்பை அனுப்புது. அது மான் மேல பட்டுத் திரும்பி வர்ற நேரத்தை எண்ணுது. ஒளி ஒரு நானோசெகண்டுல சுமார் 30 சென்டிமீட்டர் போகும். 300 மீட்டர் தள்ளி இருக்கிற மானுக்குப் போய்த் திரும்ப ரெண்டு மைக்ரோசெகண்ட். செகண்டைப் பத்து லட்சமா வெட்டினா அதுல ரெண்டே துண்டு.

1960-ல் தியடோர் மைமன் முதல் லேசரை எரியவச்சார். அதுக்கு முன்னாடியும் தூரமானி உண்டு. கிளாஸ்கோவோட பார் அண்ட் ஸ்ட்ரௌட் கம்பெனி போர்க்கப்பல்களுக்குச் செஞ்சது ரொம்பப் பிரபலம். ஒரு நீளக் குழாயோட ரெண்டு முனையில இருந்தும் ஒரே இலக்கைப் பார்த்து, கோண வித்தியாசத்தை வச்சு தூரம் சொல்லும்.

ஆனா தூரம் தெரிஞ்சா மட்டும் போதாது. குண்டு குழாயை விட்டு வெளிய வந்ததுமே கீழ விழ ஆரம்பிச்சிடுது. அரை செகண்ட் பறந்தா சுமார் 1.2 மீட்டர் இறக்கம். மானோட மார்புக்கூட்டை விட அது அதிகம். கணக்கு தப்பினா மான் பிழைக்கலாம். இல்லன்னா காலுடைஞ்சு காட்டுக்குள்ள போய், யாரும் தேடி வராத இடத்துல ரெண்டு நாள் கிடந்து சாகலாம்.

சரி, அந்தத் தூரத்தைக் கடக்க குண்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதைக் காத்து முடிவு பண்ணுது. கஷ்டமே அங்கதான். ராபின்ஸ் கை வச்ச இடமும் அதுதான்.

அளந்து பார்த்த ஆள்

ராபின்ஸ் 1707-ல் இங்கிலாந்தின் பாத் நகரத்துல, ஒரு சாதாரண குவேக்கர் குடும்பத்துல பிறந்தவர். குவேக்கர்கள் போரே கூடாதுன்னு சொல்ற பிரிவு. அந்த வீட்டுப் பையன் 1742-ல் பீரங்கியியல் பற்றி எழுதின புத்தகம் ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்க வச்சது.

கலிலியோ காலத்துல இருந்து, குண்டு பரவளையப் பாதையில போகும்னு ஒரு அழகான கணக்கு இருந்தது. அதுல காத்து கிடையாது. நம்ம பிளஸ் ஒன் பிசிக்ஸ்ல வர்ற அதே 'காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்' கேஸ்தான். பெரிய வித்தியாசம் வராதுன்னு பலரும் நம்பிட்டு இருந்தாங்க.

ராபின்ஸ் நம்பலை. ஒரு கனமான பலகையை ஊசல் மாதிரி தொங்கவிட்டு, அதுல சுட்டார். பலகை எவ்வளவு ஆடுதுன்னு ஒரு ரிப்பன் இழுபடுற நீளத்தை வச்சு அளந்தார். அதுல இருந்து குண்டோட வேகத்தைக் கணக்குப் பண்ணினார். அப்புறம் பலகையை வேற வேற தூரத்துல வச்சு, வழியில எவ்வளவு வேகம் குறையுதுன்னு பார்த்தார். முடிவு அதிர்ச்சி. காத்தே இல்லன்னா சுமார் 16 மைல் போக வேண்டிய 24 பவுண்டு பீரங்கிக் குண்டு, நிஜத்துல மூணு மைல்கூடத் தாண்டாது. ஒலியோட வேகத்துக்குப் பக்கத்துல போனா காத்தோட எதிர்ப்பு திடீர்னு எகிறுதுங்கறதையும் கவனிச்சார்.

எனக்குப் பிடிச்சது இன்னொரு சோதனை. துப்பாக்கிக் குழாயோட நுனியை லேசா இடப்பக்கம் வளைச்சார். எதிர்ல வரிசையா காகிதத் திரைகள். சுட்டா குண்டு முதல்ல இடப்பக்கம் கிளம்பி, அப்புறம் வலப்பக்கம் வளைஞ்சு போச்சு. குண்டு சுழல்றதாலதான் பாதை வளையுது. நம்ம பௌலர் போடற ட்ரிஃப்ட்டும் இதே சமாச்சாரம். கன்னாபின்னான்னு சுழல்ற குண்டை ஒழுங்கா சுழலவைக்க, குழாய்க்குள்ள திருகு வெட்டணும், அதாவது ரைஃபிள். இதை முழுசாப் புரிஞ்சு ஏத்துக்கிற நாடு போர்ல மேல நிக்கும்னு 1747-லேயே சொன்னார்.

பெரிய கணித மேதை ஆய்லர் 1745-ல் அந்தப் புத்தகத்தை ஜெர்மனுக்குக் கொண்டுபோனார். சும்மா மொழிபெயர்க்கலை, மூலத்தைவிடப் பல மடங்கு பெரிய விளக்கம் சேர்த்தார்.

தேவனாம்பட்டினம், 1751

இவ்வளவு பெரிய ஆளு ஏன் இங்க வந்தார்?

1746-ல் பிரெஞ்சுக்காரங்க சென்னையைப் பிடிச்சதும், கிழக்கிந்தியக் கம்பெனி தன் தலைமையிடத்தை தேவனாம்பட்டினத்துல இருந்த புனித டேவிட் கோட்டைக்கு மாத்துச்சு. அங்க இருந்து வடக்க பார்த்தா புதுச்சேரி, டூப்ளேயோட ஊர். சென்னை திரும்பக் கைக்கு வந்த பிறகு, கோட்டைகளைப் பலப்படுத்தணும்னு கம்பெனி ராபின்ஸைத் தலைமை இன்ஜினியரா அனுப்புச்சு. 1750 ஜூலைல வந்து இறங்கினார். ஒரு வருஷம்தான். காய்ச்சல். 1751 ஜூலை 29-ல் இறந்துட்டார். வயசு 44. கம்பெனிக்கு அறிக்கை எழுதிட்டு இருந்தப்போ, கையில பேனாவோட இறந்தார்னு சொல்வாங்க.

அடுத்த வருஷமே பாகூர்ல சண்டை. இன்னைக்குப் புதுச்சேரி கடலூர் ரோட்டுல கன்னியக்கோவில்ல மேற்க திரும்பினா பாகூர். ஏரி, நெல் வயல், மூலநாதர் கோயில். 1752-ல் அங்க ஸ்டிரிங்கர் லாரன்ஸ் தலைமையில ஆங்கிலேயப் படையும், டூப்ளேயோட சொந்தக்காரர் கெர்ழான் தலைமையில பிரெஞ்சுப் படையும் மோதுச்சு. ரெண்டு பக்கமும் பெரும்பாலானவங்க சிப்பாய்கள், அதாவது நம்ம ஆட்கள். கையில திருகு இல்லாத வழுவழு குழாய் மஸ்கட். நூறு கஜத்தைத் தாண்டினா குண்டு எங்க போகும்னு யாருக்கும் தெரியாது. அதனால கிட்டப் போய்க்கிட்டே இருக்கணும். கடைசியில துப்பாக்கி நுனியில சொருகின கத்திதான் பாகூர்ல முடிவு பண்ணுச்சு. ஜெயிச்சது ஆங்கிலேயர்.

அவ்வளவு பக்கத்துல குத்தினா எதிராளி முகம் தெரியும். துப்பாக்கிக் குண்டு ஏன் வளையுதுன்னு அன்னைக்கு உலகத்துலயே நல்லா தெரிஞ்ச ஆளு, ஒரு வருஷம் முன்னாடி பத்து கிலோமீட்டருக்குள்ள உயிரை விட்டிருந்தார். அந்த அறிவு எதுவும் அந்த வயலுக்கு வந்து சேரலை.

அவர் பலப்படுத்த வந்த கோட்டையை 1758-ல் லாலி பிடிச்சு இடிச்சார். 1760-ல் அயர் கூட் வில்லியனூரைப் பிடிச்சார். 1761 ஜனவரியில புதுச்சேரியே விழுந்துச்சு. கோட்டைகள் எல்லாம் போச்சு. கணக்கு மட்டும் போகலை.

கணக்கு கம்ப்யூட்டருக்குள்ள போன கதை

இரண்டாம் உலகப்போர்ல ஒவ்வொரு பீரங்கிக்கும் சுடும் அட்டவணை வேணும். அறுபது செகண்ட் பறக்கிற ஒரு குண்டோட பாதையை மேசைக் கால்குலேட்டர்ல போட ஒருத்தருக்குச் சுமார் 20 மணி நேரம் ஆகும். அதுக்காக பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல அமெரிக்க ராணுவத்துக்குக் கட்டின மெஷின்தான் எனியாக். 1946-ல் உலகத்துக்குக் காட்டினாங்க. அதே பாதையை 30 செகண்டுல போட்டுச்சு. கோட் எழுதிப் பிழைக்கிற என் தொழிலோட தாத்தா இந்த மெஷின். அதைக் கட்ட வச்சது ராபின்ஸ் கிளப்பின காத்துப் பிரச்சினை.

இப்போ அந்தக் கணக்கு உள்ளங்கை அளவு சிப்புல, ரேடியோவோட சேர்ந்து உக்காந்திருக்கு. ரேடியோ வந்துட்டா என்ன ஆகும்னு நம்ம ஃபீல்டுல எல்லாருக்கும் தெரியும். டெக்சாஸின் ட்ராக்கிங்பாயின்ட் கம்பெனியோட ரைஃபிள்ல கம்ப்யூட்டர், வைஃபை ரெண்டும் இருந்துச்சு. 2015-ல் ரூனா சாண்ட்விக், மைக்கேல் ஆகர்ங்கிற ரெண்டு பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதுக்குள்ள புகுந்து காட்டினாங்க. துப்பாக்கியைத் தானா சுட வைக்க முடியலை, விசையை விரல்தான் அழுத்தணும். அவங்க மாத்தினது ஒரே ஒரு உள்ளீடு: குண்டோட எடை. 0.4 அவுன்ஸ்னு இருந்ததை 72 பவுண்டுன்னு ஆக்கினாங்க. குண்டு இரண்டரை அடி இடப்பக்கம் தள்ளி, பக்கத்து இலக்குல போய்ப் பட்டுச்சு. ஒரு தோட்டா 72 பவுண்டு இருக்குமான்னு அந்த மென்பொருள் ஒரு வார்த்தை கேட்கலை.

வேலிடேஷன் எழுதாம கோடை ரிலீஸ் பண்ணின யாருக்கும் இந்த இடத்துல வயித்தைக் கலக்கும். நானும் பண்ணியிருக்கேன். என் விஷயத்துல ஒரு பில்லுல தொகை தப்பா வந்துச்சு, அவ்வளவுதான். இங்க அந்தப் பக்கம் நிக்கிறது ஒரு உயிர்.

அதனால அமெரிக்காவிலேயே சில மாநிலங்கள் வேட்டைத் துப்பாக்கியில எலக்ட்ரானிக் கருவிகளுக்குக் கட்டுப்பாடு வச்சிருக்கு. 1887-ல் தியடோர் ரூஸ்வெல்ட் ஆரம்பிச்ச பூன் அண்ட் கிராக்கெட் கிளப்புக்கு 'நியாயமான வேட்டை'ங்கறது அடிப்படைக் கொள்கை. மிருகத்துக்குத் தப்பிக்க வாய்ப்பு இருக்கணும். தூரம், இறக்கம் எல்லாத்தையும் மெஷினே பார்த்துட்டா மனுஷன் பண்றதுக்கு என்ன மிச்சம்? விரல் மட்டும்தான்.

ஊசுட்டேரிக் கரையில

நம்ம ஊருக்குத் திரும்பலாம். இந்தியாவுல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991 திருத்தமும் வந்த பிறகு, சில விதிவிலக்குகள் தவிர வேட்டை கிடையாது. வில்லியனூர் பக்கம் இருக்கிற ஊசுட்டேரியை 2008-ல் புதுச்சேரி அரசு பறவைகள் சரணாலயமா அறிவிச்சது. ப்ளூடூத் ஸ்கோப்புக்கு இங்க வேலை இல்லை.

ஆனா தூரமானிக்கு வேலை இருக்கு. நம்ம புலிகள் காப்பகங்கள்ல மான் எத்தனைன்னு கணக்கெடுக்க, வனத்துறை ஆட்கள் ஒரு நேர்க்கோட்டுப் பாதையில நடப்பாங்க. ஒரு கூட்டம் கண்ணுல பட்டா நிப்பாங்க. லேசர்ல தூரம், காம்பஸ்ல கோணம், எத்தனை தலை, எல்லாத்தையும் நோட்டுல எழுதுவாங்க. அப்படி நூத்துக்கணக்கான எண்களைச் சேர்த்து, ஒரு சதுர கிலோமீட்டருக்கு இத்தனை மான்னு மதிப்பிடுவாங்க. அதே ரெண்டு மைக்ரோசெகண்ட் லேசர்தான். மான் தலையைத் தூக்கிப் பார்த்துட்டு, திரும்ப மேய ஆரம்பிக்கும்.

அடுத்த தடவை கடலூர் பக்கம் போனா, கெடிலம் கடல்ல சேர்ற இடத்துக்குப் பக்கத்துல கோட்டையோட மிச்சத்தைப் பார்த்துட்டு வாங்க. திரும்பும்போது பாகூர் ஏரிக்கரையில கொஞ்சம் நில்லுங்க. எதிர்க்கரை எவ்வளவு தூரம்னு கண்ணாலேயே ஒரு எண் சொல்லிப் பாருங்க, அப்புறம் மேப்ல சரிபாருங்க. எவ்வளவு தப்பினீங்கன்னு எனக்கு எழுதுங்க. நான் சொன்ன எண் ரொம்பக் கேவலம், அதனால வெளிய சொல்ல மாட்டேன்.

அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.