பால் பாட்டிலில் ஃபாரோ எறும்பு

புனேக்கு வந்து மூணு வருஷம் ஆகிறது. ரெண்டாவது மாடி ஃபிளாட். நாலு மாசம் முன்னாடி ஒரு ராத்திரி, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பையனின் பால் பாட்டிலை எடுத்தால் நிப்பிளைச் சுற்றி எறும்பு. உற்றுப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு பொடிசு. தங்கமணி போட்ட சத்தத்தில் பையனும் எழுந்துவிட்டான்.

சும்மா இருப்பேனா? காலையில் முதல் வேலையாக ஒரு ஸ்பிரே வாங்கி வந்து மூலை முடுக்கெல்லாம் அடித்தேன். ரெண்டு நாள் நிம்மதி. மூணாவது வாரம் பார்த்தால் கிச்சனில் ஒரு வரிசை, பாத்ரூமில் ஒன்று, சுவிட்ச் போர்டிலிருந்து தொட்டில் பக்கமாக இன்னொன்று! ஒன்று மூன்றான மர்மத்தைத் தேடிப் போனதில் கிடைத்த சரித்திரம்தான் இது.

முதலில் ஆள் யாரென்று பார்ப்போம். நம்ம பிள்ளையார் எறும்பு கறுப்பு. இது வெளிர் மஞ்சள், வாலுப்பக்கம் மட்டும் கொஞ்சம் கருமை. நீளம் 2 மில்லிமீட்டர்தான். பெயர் ஃபாரோ எறும்பு. 1758-ல் லின்னேயஸ் தன் புத்தகத்தில் எகிப்து எறும்பு என்று குறித்து, அந்த ஊர் மன்னர்களின் பட்டத்தையே பெயராக வைத்தார். ஆனால் ஆசியாவின் வெப்பப் பகுதிதான் இதன் பூர்வீகமாக இருக்கலாம் என்று இன்றைய ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். அதாவது, நம்மைப் போலவே புலம் பெயர்ந்த கேஸ்! கப்பல் சரக்கில் ஒளிந்து உலகம் பூராவும் போய்விட்டது. குளிர் நாடுகளில் வெளியே பிழைக்காது, ஹீட்டர் வைத்த கட்டிடங்களில் சுகமாக இருக்கும்.

அப்படி அது பிடித்துக்கொண்ட முக்கியமான இடம் ஆஸ்பத்திரி. இங்கிலாந்து மருத்துவமனைகளில் இந்த எறும்புகள் நோய்க்கிருமிகளைச் சுமந்து திரிவதை 1972-ல் சூசன் பீட்சன் 'லான்செட்' இதழில் எழுதினார். காயக்கட்டுக்குள்ளேயே புகுந்துவிடுமாம். படித்ததும் எனக்குத் தொட்டில் ஞாபகம்தான் வந்தது.

சரி, ஸ்பிரே ஏன் பலிக்கவில்லை? இந்த எறும்புக் கூட்டத்தில் ராணி ஒன்றல்ல, பல. நாம் பார்க்கும் வரிசை, இரை தேட வந்த கொஞ்சம் பேர்தான். மீதியெல்லாம் சுவருக்குள். மருந்து வாசனை பட்டதும் கூட்டம் பிரியும். முட்டை, புழுக்களைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்த் தனிக்குடித்தனம். ஸ்பிரே அடித்து நானே மூணு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறேன்!

இதே தப்பை அமெரிக்கா ரொம்பப் பெரிய அளவில் செய்திருக்கிறது, வேறொரு எறும்பிடம். தென் அமெரிக்காவின் நெருப்பு எறும்பு 1930-களில் அலபாமாவின் மொபைல் துறைமுகம் வழியாக உள்ளே வந்தது. 1957-ல் அரசாங்கம் பணம் ஒதுக்கி, டீல்ட்ரின், ஹெப்டாகுளோர் மருந்துகளை விமானத்திலிருந்து கொட்டியது. பறவைகளும் கால்நடைகளும் செத்தன. 1962-ல் ரேச்சல் கார்சன் 'மௌன வசந்தம்' புத்தகத்தில் இதைக் கடுமையாகச் சாடினார். எறும்போ, போட்டிக்கு இருந்த உள்ளூர் எறும்புகளும் செத்துப்போனதில் இன்னும் பரவியது. 1972-ல் அதற்கு வைத்த அறிவியல் பெயர் 'இன்விக்டா'. லத்தீனில் 'வெல்லப்படாதது' என்று அர்த்தம்.

நம்ம வீடுகளிலும் சுவரோரம் பி.எச்.சி. பொடி தூவிய காலம் உண்டே. இந்தியாவில் அது 1997-ல் தடையானது. அதன் தம்பி லிண்டேனுக்கு 2013-ல்.

இத்தனைக்கும் பிறகு ஆய்வாளர்கள் கற்ற பாடம் சின்னது. எறும்பைக் கொல்லாதே, அதன் கையிலேயே கொடுத்தனுப்பு. விஷம் மெதுவாக வேலை செய்ய வேண்டும். தின்ற எறும்பு உயிரோடு வீடு போய், வாயோடு வாய் ஊட்டி, ராணி வரை கொண்டு சேர்க்க வேண்டும்.

நான் செய்தது இதுதான். அரை லிட்டர் தண்ணீர், 50 கிராம் சர்க்கரை, 5 கிராம் போரிக் பவுடர் (கேரம் போர்டுக்குப் போடுவோமே, அதேதான்). பஞ்சில் நனைத்து, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவுக்குள் வைத்து, வரிசை போகும் வழியில் வைத்தேன். பவுடர் கூடினால் எறும்பு பாதி வழியிலேயே செத்துவிடும், காரியம் கெடும். சர்க்கரையைச் சீந்தவில்லையா, முட்டை மஞ்சள் கருவில் துளி பவுடர் கலந்து பாருங்கள். குழந்தை கைக்கு எட்டவே கூடாது. அந்த சமயத்தில் ஸ்பிரே, ஃபினாயில் எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம்.

முதல் நாள் கூட்டம் கூட்டமாக வந்து மொய்த்தது. தங்கமணி என்னை முறைத்தாள். கஷ்டமே அதுதான், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அஞ்சு வாரம் ஆனது. இப்போது வரிசை இல்லை. டப்பா மட்டும் அலமாரி மேலே பத்திரமாக இருக்கிறது.

ஊரிலிருந்து அம்மா ஃபோனில், "மஞ்சப்பொடி தூவுனியா?" என்றாள். தூவினால் வழி மாறிப் போகும்மா, ராணிக்கு ஒன்றும் ஆகாது என்றேன். "அப்போ பக்கத்து வீட்டுக்குப் போயிடும்ல, அது போதாதா?" என்கிறாள். இந்த சரித்திரத்தை அம்மாவுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது?